துரு அண்ணனின் அழுக்கு லாரி

தர்மபுரி மாவட்டத்திலேயே தூசியை ஊர்வாரியாகப் பிரித்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி வைத்திருந்த ஒரே மனிதர் துரு அண்ணன்தான். வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

பாலக்கோட்டுக்கு மாற்றலாகிப் போனபோது அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். அவர் தொழில் லாரிக்குப் பெயின்ட் அடிப்பது. பகல் முழுக்கப் பட்டறையில் பெரிய லாரிகளின் துருவைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்குவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு, தன்னுடைய சின்ன லாரிக்குத் துரு ஏற்ற உட்கார்ந்துவிடுவார். பெயர் அதனால் வந்தது. அவருடைய சொந்தப் பெயரைத் தபால்காரர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

சின்ன லாரி என்றால் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் சொன்னதற்கு, மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தார். காற்றாலை இறக்கை, டிரான்ஸ்பார்மர் போன்ற பூதங்களை இழுத்துப் போகுமே, அந்தப் புல்லர் லாரி, பின்னால் நீண்ட டிரெய்லரோடு. நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு. தகரத்தை வெட்டி வளைத்துச் செய்தது. டிரெய்லரில் மட்டும் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு சக்கரம். அறுபத்து நாலு டயரையும் ரப்பர் செருப்பில் வெட்டி எடுத்தார். அந்தத் தெருக்காரர்கள் கோயில் வாசலில் செருப்பைத் தைரியமாக விட்டுப் போனார்கள். துரு அண்ணன் வீட்டுக்கு வந்தால் கையிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய சினேகிதர் மாதையன். அந்தப் புல்லரைப் பல வருஷம் ஓட்டியவர். கண்ணில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, முதலாளி வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்கக்கூட மாதையனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அன்றிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு பெங்களூருக்கே போகப் போகிறார். அதற்குள் இந்தச் சின்ன வண்டியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

"புது வண்டி யாரு வேணா குடுக்கலாம் சார். அவன் ஓட்டுன வண்டிய குடுக்கணும். பாத்ததும் 'இது என்துடா'ன்னு அவன் சொல்லணும்" என்றார் துரு அண்ணன்.

தூசி பாட்டில்கள் அதற்குத்தான். பாலக்கோட்டுச் செம்மண், மொரப்பூர் சரக்கு மேடை, தொப்பூர் கணவாய் மேல் வளைவு, கீழ் வளைவு. மேலுக்கும் கீழுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுத் தொலைத்தேன். "எறங்குற வண்டி பிரேக் புடிச்சு புடிச்சு வருதுல்லீங்க, கீழ தூசியில கருப்பு இருக்கும்" என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். அவர் மனைவி சரோஜாக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "வூட்டுல மஞ்சத்தூள் வெக்க ஒரு டப்பா கெடையாது. இவுரு தூசிக்கு பன்னெண்டு பாட்டிலு!"

என் ஸ்கூட்டர் சைலன்சரில் பிடித்திருந்த துருவை அவர் முதன்முதலில் பார்த்த நாள் மறக்காது. மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். "சார், இத மாத்திடாதீங்க. எவ்வளவு அழகா ஓரத்துலருந்து ஏறியிருக்குது பாருங்க!" பழைய டூத் பிரஷ்ஷால் கொஞ்சம் சுரண்டி, காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார்.

ஒருமுறை தொப்பூர் டீக்கடை அருகே நின்ற டிரெய்லர் லாரிக்கு அடியில் தவழ்ந்து போய் டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் டிரைவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"டீசல் திருடவா வந்த?"

"டீசல் வேணாங்கண்ணா. ஒழுகுன கறை எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்துட்டுப் போயிடறனுங்க."

திருடன் என்றால் இரண்டு அறையோடு விட்டிருப்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டுப் பயந்துபோய், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

இப்படி ஐந்து மாதம். லாரி நிஜமாகவே கணவாய் ஏறி இறங்கிக் களைத்த வண்டியாக ஆகிவிட்டது. ஆயுத பூஜை அன்று பட்டறையில் பூஜை முடித்துவிட்டு அவர் திரும்பியபோது நானும் வாசலில் நின்றிருந்தேன். ஹாலில் லாரி மின்னிக்கொண்டிருந்தது. சரோஜாக்கா சோப்புத் தண்ணீர் விட்டுத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாற்றி, முன் சக்கரங்களுக்கு அடியில் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்.

"வண்டிய அழுக்கோடவா சாமிக்கு வெக்கறது? அதான் நானே கழுவிட்டேன். எப்பிடி இருக்குது?"

துரு அண்ணன் கத்தவில்லை. "நல்லா கழுவியிருக்கற" என்று சொல்லிவிட்டுப் பொரிகடலையைக்கூடத் தொடாமல் போய்ப் படுத்துவிட்டார். அப்புறம்தான் அக்காவுக்கு உறைத்தது. அக்கா அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் முதல் பட்டறைக்கு லீவு. அண்ணன் கோந்து கலந்து துருவைப் பூச, அக்கா டீ வடிகட்டியில் தூசி சலித்துப் போட்டார். ஞாயிறு காலைக்குள் எல்லாம் பழையபடி அழுக்காகிவிட்டது, ஒன்றைத் தவிர. பம்பரில் குங்குமக் கறை வெள்ளைப் பெயின்ட்டில் ஊறிவிட்டது. எதைப் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

ஆட்டோவில் போனோம். வழியில் வேறு ஊர்த் தூசி ஒட்டிவிடக் கூடாதென்று லாரியைப் போர்வையால் மூடி மடியில் வைத்திருந்தார். கறை தெரியும் பக்கத்தை மாதையனுக்குக் காட்டாமல் வைப்பதாகத் திட்டம்.

மாதையன் வீட்டில் மூட்டை கட்டியாகிவிட்டது. லாரியைக் கட்டிலில் வைத்தோம். அவர் கண்ணருகே கொண்டுபோய்த் தடவித் தடவிப் பார்த்தார். துரு, டீசல் கறை, கணவாய்த் தூசி. விரல் எதிலும் நிற்கவில்லை. துரு அண்ணன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மாதையன் லாரியைத் திருப்பினார். விரல் பம்பரில் நின்றது.

"நான் வெச்ச பொட்டுடா இது! வருசா வருசம் வெப்பேன், எத்தினி மழையில போனாலும் கறை போவாது. இது என்துடா!"

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். திரும்பி வரும்போது துரு அண்ணன் ஒரே வார்த்தைதான் பேசினார்: "அஞ்சு மாசம் எனக்கு தோணல சார். சரோஜாவுக்கு தோணிருக்குது."

நான் இப்போது சேலத்தில் இருக்கிறேன். சைலன்சரை மாற்றச் சொல்லி மெக்கானிக் ஒவ்வொரு முறையும் திட்டுகிறார். மாற்றுவதாக இல்லை. என்னிடம் இருந்த ஒன்றை மண்டி போட்டு உட்கார்ந்து அழகு என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.