கப்பக்கிழங்குக்கு அடியில் மூன்றாம் நம்பர்

"அந்தச் சாக்கு இந்தப் படியைத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நான் எங்க வீட்டுக்குப் போயிடுவேன்!" என்றாள் லதிகா.

"உங்க வீடு அடுத்த காம்பவுண்டுதானே? போ. மீன் குழம்பை மட்டும் மூடி வச்சுட்டுப் போ" என்றார் அவள் புருஷன் சுகதன்.

சாக்கைத் தோளிலிருந்து இறக்காமலே முற்றத்தில் நின்றார். சாக்குக்குள் ஒரு மனிதர் இருந்தார். அதாவது, அவருடைய எலும்புகள் மொத்தமும் இருந்தன.

இதையெல்லாம் நான் ஒட்டுக் கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் கிணறு அவர்கள் வீட்டுச் சமையலறைக்கு நேர் எதிரே இருக்கிறது. தண்ணீர் இறைக்கும்போது காதைக் கழற்றிக் கொடியில் காயப்போட்டுவிட்டா இறைக்க முடியும்? எங்கள் வீட்டில் மோட்டார் போட்டுப் பத்து வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம். இறைத்துக் குடிக்கும் தண்ணீரின் ருசியே தனி.

சுகதன் மாவேலிக்கரை லைனில் தனியார் பஸ் கண்டக்டர். அவர் மகள் அனகாவுக்கு அரசு கோட்டாவில் கோட்டயத்தில் எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்திருந்தது. எங்கள் வார்டிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போகும் முதல் பிள்ளை. ஜங்ஷனில் மூன்று கட்சிகளும் ஒரு கிளப்பும் தனித்தனியே பிளெக்ஸ் வைத்தன. நான்கிலும் அனகாவைவிடப் பெரிதாகத் தலைவர்கள் சிரித்தார்கள்.

ஃபீஸ் ஒருவழியாகக் கட்டியாயிற்று. ஹாஸ்டலில்தான் இடமில்லை. காலேஜுக்குப் பின்பக்கச் சந்தில் மறியம்மா என்பவர் வீட்டில் மாடி அறை காலி என்று தெரிந்து சுகதன் போன் செய்தார். ஸ்பீக்கரில்தான் பேசினார், அவர் எப்போதும் பஸ் ஓடுகிற குரலில்தான் பேசுவார்.

"முப்பதாயிரம் அட்வான்ஸ். திங்கட்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள வரணும். இல்லேன்னா பாலாவிலேருந்து ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு" என்றார் மறியம்மா.

"ரூபாயாவே குடுக்கணுமா சேச்சி?"

"இல்லேன்னா அந்த மதிப்புக்கு ஏதாவது பொருள் வைக்கலாம். கிளம்பும்போது கணக்குத் தீர்த்துட்டுத் திரும்ப எடுத்துக்கலாம். எங்க வீட்ல அதான் வழக்கம். இன்னொண்ணு, வீடு சுத்தமா இருக்கணும். வேண்டாத சாமான் எதுவும் உள்ள வரக் கூடாது, ஆமா."

பொருள் என்றால் நகை. லதிகாவின் நகைகளோ, அனகா கோச்சிங் கிளாஸில் சேர்ந்த நாளிலிருந்து கூட்டுறவு வங்கியில் குடியிருந்தன. நல்லவேளையாகக் கையில் சரியாக முப்பதாயிரம் இருந்தது. அந்த அறை தவறிப்போனால் அனகா தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. அனகா பஸ்ஸில் ஏறினால் பத்தாவது நிமிஷம் வாந்தி எடுப்பவள். ஒரு கண்டக்டர் பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு உடம்பு.

பேசாமல் அந்தப் பணத்தை எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் சுகதனுக்கு விலை மலிவு என்று காதில் விழுந்தால் கால் நிற்காது.

முதல் வருஷம் படிக்க ஒரு செட் எலும்பு வேண்டும், புதிதாக வாங்கினால் முப்பத்தைந்தாயிரம் என்று அனகா சொல்லியிருந்தாள். பக்கத்து ஊரில் புதிதாக கிளினிக் திறந்திருக்கும் டாக்டர் ஜிதின், தன் பழைய செட்டை வெறும் எட்டாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். அட்வான்ஸ் பணத்திலிருந்து எட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, தங்கச் சுரங்கத்தை வாங்கியவர் போல சுகதன் சாக்கோடு வந்து இறங்கினார்.

"ஒரே ஒரு விஷயம் அங்கிள்" என்றாராம் ஜிதின். "கோட்டயத்துல யார்கிட்டயும் என் பேரைச் சொல்லாதீங்க. உதவி செஞ்சத விளம்பரம் பண்றது எனக்குப் பிடிக்காது."

இந்தக் காலத்தில் இப்படி ஓர் அடக்கமா! ஊரே மெச்சியது. நானே நாலு வீட்டில் சொல்லி மெச்சினேன்.

மீன் குழம்பு மூடப்பட்டது. லதிகா எங்கும் போகவில்லை. சாக்கு விறகுக் கொட்டகைக்குப் போனது.

அனகா மட்டும் பயப்படவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வோர் எலும்பாக எடுத்துத் துடைத்தாள். மண்டையோட்டின் உச்சியில் சிவப்பாக '3' என்று எழுதியிருந்தது.

"இது என்ன அச்சா, மூணு?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"சீட் நம்பரா இருக்கும்" என்றார் சுகதன்.

அடுத்த இரண்டு நாள் லதிகா தூங்கவில்லை. மூன்றாம் நாள் ஜோசியர் தாமோதரப் பணிக்கரைக் கூட்டிவந்தாள். பணிக்கர் சோழி உருட்டினார், கண்ணை மூடினார், கொட்டகைப் பக்கம் மூக்கை நீட்டினார்.

"ஆண். கல்யாணம் ஆகாதவன். எங்கேயோ இருக்க வேண்டியவன், எவனோ வழி மாத்திக் கொண்டாந்து விட்டிருக்கான். தன் வீட்டுக்குத் திரும்பணும்னு துடிக்கிறான்."

"அடப்பாவமே! எங்க சாரே அவன் வீடு?" என்றாள் லதிகா, பயத்தை மறந்து.

"அதெல்லாம் சோழியில வராது. தலையில மூணுன்னு இருக்கு பாத்தீங்களா? மூணு தேங்காய், மூணு விளக்கு, மூவாயிரம் ரூபா. அதோட இந்தக் காம்பவுண்டுக்குள்ள இவன வைக்கக் கூடாது."

ஆக முப்பது இருபத்திரண்டாகி, இருபத்திரண்டு பத்தொன்பதாயிற்று. எலும்புக்கும் இடமில்லை.

"அச்சா, இத எனக்குப் படிக்கக் குடுப்பீங்களா, இல்ல ஊரெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டிக்கிட்டே இருப்பீங்களா?" என்றாள் அனகா.

"நீ சும்மா இரு மோளே. வாசகசாலைதான் சரியான இடம். விஜயன் மாஷ் சயன்ஸ் வாத்தியாரா இருந்தவரு."

வாசகசாலைச் செயலாளர் விஜயன் மாஷ், பேய், பிசாசு, ஜோசியம் எதையும் நம்பாதவர். மனைவியை மட்டும் நம்புவார். "மூணு நம்பர் மியூசியம் நம்பர், சுகதா. இதுல பயப்பட என்ன இருக்கு? எல்லாருக்குள்ளயும் இருக்கறதுதானே!" என்று சாக்கை வாங்கி அலமாரிக்குள் திணித்துப் பூட்டினார்.

"ஞாயித்துக்கிழமை நம்ம மோளுக்குப் பாராட்டு விழா. பொன்னாடை, கேடயம், அஞ்சாயிரம் ரூபா ரொக்கம். மெம்பர் வர்றாங்க."

ஐந்தாயிரம் என்றதும் சுகதன் முகம் மலர்ந்தது. மீதி ஆறாயிரத்தைத் தன் பஸ் டிரைவரிடம் கடன் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் முதல் வரிசையில் இருந்தேன். பருப்புவடை அங்கேதான் முதலில் வரும். வார்டு மெம்பர் ஷைலஜா அரை மணி நேரம் பேசிவிட்டு, "இப்போது நம் அனகாவுக்குப் பொன்னாடை அணிவிக்கிறோம்" என்றார். பொருளாளர் போய் அலமாரியைத் திறந்தார். பொன்னாடையையும் அதே தட்டில்தான் மாஷ் வைத்திருந்தார் போலிருக்கிறது. பொருளாளர் அதைப் பிடித்து இழுக்க, சாக்கும் வாயவிழ்ந்து சரிந்தது.

பொன்னாடை போர்த்திய மண்டையோடு ஒன்று உருண்டு வந்து மெம்பரின் செருப்பருகே நின்று, அவரைப் பார்த்துச் சிரித்தது.

மெம்பர் நாற்காலிமேல் ஏறினார். பொருளாளர் ஜன்னல் வழியாக இறங்கினார்; பணக் கவரும் அவர் சட்டைப் பையிலேயே போயிற்று, ராத்திரி வரை ஆளே அகப்படவில்லை. "பயப்படாதீங்க, இது சயன்ஸ்!" என்று கத்திய விஜயன் மாஷின் குரல் கேட் பக்கத்திலிருந்துதான் கேட்டது. இரண்டு நிமிஷத்தில் வாசகசாலையில் அனகாவும் நானும் வடையும்தான் மிச்சம். அனகா மண்டையோட்டை எடுத்துத் தூசி தட்டினாள். நான் மூன்று வடை எடுத்துக்கொண்டேன். வீணாக்கக் கூடாது பாருங்கள்.

அன்று மாலையே லதிகா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "நாளைக்கு மோளோட அதுவும் கிளம்பணும். திரும்பி மட்டும் வரக் கூடாது."

"வேண்டாத சாமான் வரக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்களேடீ. தினம் ஜெபம் சொல்ற வீடு. மண்டையோட்டப் பார்த்தா ரூமும் போச்சு."

"பார்த்தாத்தானே?"

அந்த யோசனை லதிகாவுடையது என்று சுகதனும், சுகதனுடையது என்று லதிகாவும் இன்றுவரை சொல்கிறார்கள். எலும்புகள் சாக்கின் அடிக்குப் போயின. மேலே எங்கள் தோட்டத்துக் கப்பக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பத்துக் கிலோ. கேட்காமல் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பரவாயில்லை, டாக்டர் வீடு ஆகப்போகிறது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நடந்தது சுகதன் சொல்லக் கேட்டது: கோட்டயம் பஸ்ஸில் கண்டக்டர் வந்தார். "சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட்."

"நானும் கண்டக்டர்தான் சேட்டா."

"அப்ப உங்களுக்கே தெரியும். அரை டிக்கெட் எடுங்க."

சுகதன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். நியாயமாகப் பார்த்தால் முழு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். அனகா சங்கனாச்சேரிக்கு முன்பே இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். முகம் வெளிறி அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். "தினம் இப்படின்னா நான் டாக்டராக மாட்டேன் அச்சா, நோயாளிதான் ஆவேன்" என்றாள். தன் பஸ் டிரைவரும் கடனுக்குக் கையை விரித்திருக்க, சுகதன் சட்டைப் பையிலிருந்த பத்தொன்பதாயிரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொடத் தொட அது கூடவா போகிறது?

பதினொன்றரைக்கு மறியம்மாவின் வாசலில் நின்றார்கள். மறியம்மா இடுப்பில் சாவிக்கொத்தோடு கதவைத் திறந்தார். மூலையில் அவர் புருஷன் குஞ்ஞச்சன் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். விரல்கள் மட்டும் தெரிந்தன.

மறியம்மா பணத்தை இரண்டு தடவை எண்ணினார்.

"பதினொண்ணு குறையுதே கண்டக்டரே."

"அடுத்த மாசம் முதல் தேதி குடுத்துடறேன் சேச்சி. பொண்ணு பஸ்ஸுல ஏறினாலே..."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நம்பி ஒரு தடவை ஏமாந்தாச்சு. பாலாப் பொண்ணு பன்னெண்டுக்கு வருது. பணம், இல்லேன்னா பொருள். எதுவும் இல்லாம சாவி கிடையாது."

அனகா தலையைக் குனிந்துகொண்டாள். சுகதன் காலியான சட்டைப் பையை மறுபடியும் தடவினார். அப்போது மறியம்மாவின் பார்வை சாக்கின் வாயில் தெரிந்த கப்பக்கிழங்கின் மேல் விழுந்தது.

"ஐயோ, நாட்டுக் கப்பயா? எங்களுக்கா? இதச் சொல்ல வேண்டாமா!" அவர் முகமே மாறிவிட்டது. "இங்க கடையில வாங்கினா வேகவே மாட்டேங்குது. மத்தியானத்துக்கு மத்தி மீன் இருக்கு. இதோ, இப்பவே நறுக்கிடறேன்."

"வேண்டாம் சேச்சி! நான் எடுத்துத் தர்றேன்... கனமா இருக்கும்..."

"கனமெல்லாம் எனக்குப் பழக்கம்." மறியம்மா சாக்கைத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துப் போய், அடியைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

கப்பக்கிழங்கு விழுந்தது. அப்புறம் ஒரு தொடையெலும்பு விழுந்தது. விலா எலும்புகள் விறகு மாதிரி சரிந்தன. கடைசியாக மண்டையோடு உருண்டு, அரிவாள்மணையில் முட்டி நின்றது.

மூலையில் பேப்பர்கூட அசையவில்லை.

"மன்னிச்சிடுங்க சேச்சி!" சுகதனுக்கு எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. "மறைக்கணும்னு நினைக்கல. மறைச்சுட்டேன். அட்வான்ஸ் பணத்துலதான் எட்டாயிரம் குடுத்து இத வாங்கினேன். பணிக்கர் மூவாயிரம் வாங்கிட்டாரு. வாசகசாலைல பணத்தோட ஜன்னல் வழியா ஓடிட்டாங்க. பேரு சொல்லாதேன்னுதான் டாக்டர் ஜிதின் சொன்னாரு, ஆனா..."

"ஜிதினா?" மறியம்மா திரும்பினார். "மூக்கு நுனியில மச்சம் இருக்குமே, அந்த ஜிதினா?"

"ஆமா சேச்சி. எங்க பக்கத்து ஊர்ல கிளினிக் வச்சிருக்காரு."

மறியம்மா குனிந்து மண்டையோட்டைக் கையில் எடுத்தார். முந்தானையால் மண்ணைத் துடைத்தார். சிவப்பு '3' தெரிந்ததும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்த விரல் நகத்திலும் அதே சிவப்புச் சாயம்தான் இருந்தது.

பிறகு ஹாலுக்கு நடந்தார். இடுப்புச் சாவியால் அங்கிருந்த பெரிய மர அலமாரியைத் திறந்தார்.

உள்ளே துணி இல்லை, பாத்திரம் இல்லை. வரிசையாக மண்டையோடுகள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் சிவப்பு எண். ஒன்று. இரண்டு. நான்கு. ஐந்து. ஆறு. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில், தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் காலியாக இருந்தது.

குஞ்ஞச்சன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அட்வான்ஸுக்கு வச்ச எலும்பையும் தூக்கிக்கிட்டு, எட்டு மாச வாடகையும் குடுக்காம ஓடினவனோட விலாசத்தையும் கொண்டாந்துட்டாரு, அந்த எலும்பையும் கொண்டாந்துட்டாரு, இதுக்கு மேல என்னடீ அட்வான்ஸு, மோளுக்கு மாடிச் சாவியக் குடு!"