கடற்பசுக் கன்றுக்கு உன் பெயர்

பார்ரா தோ காஜு,
மழை விட்ட செவ்வாய்க்கிழமை.

சாவோ பாவுலோவில் பேருந்து ஓட்டும் என் மூத்த மகன் ஜுராந்திருக்கு,

உன் அம்மா கிதேரியா எழுதிக்கொள்வது. நீ போனில் "ஆசீர்வாதம், அம்மா" என்று கேட்டு நாளாகிவிட்டது. கேட்காத பிள்ளைக்கும் கொடுத்துவிடுவதுதான் தாய்க்கு வழக்கம் என்பதால் முதலில் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள். கடவுள் உன் முதுகுவலியையும் உன் மனைவியின் சர்க்கரையையும் மட்டுப்படுத்தட்டும். இங்கே நானும் கோழிகளும் சுகம். முந்திரி நன்றாகக் காய்த்திருக்கிறது. கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, மழை நின்றதால். இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி.

உன் மகள் ஜமீலி பல் டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டு, விலங்கு வைத்தியம் படித்து, இங்கே கடற்கரை மீன்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நீ அவளோடு பேசுவதில்லை. பணிமனையில் எல்லாரிடமும் பல் டாக்டரின் அப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய், அவள் கையால்தான் பிடுங்கிக்கொள்வேன் என்று அந்தச் சொத்தைக் கடைவாய்ப் பல்லைக்கூட இத்தனை வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாய், எனக்கு எல்லாம் தெரியும். "மாட்டுக்குப் பால் குடுக்கவா இவளைப் படிக்க வச்சேன், அதை நம்ம சித்தப்பன் கைநாட்டா இருந்தே செஞ்சாரேம்மா" என்று நீ சொன்னபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் போன வாரம் நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டேன்.

வேனில் ஏறியதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் நான் டாக்டர் ஜமீலியின் பாட்டி என்று சொல்லிக்கொண்டே போனேன். ஓட்டுகிறவன் திரும்பி, "எனக்கு மூட்டு வலி, பாப்பாங்களா?" என்று கேட்டான். நீ கடலில் விழுந்து கடற்பசு மாதிரி நாலு மாதம் புல் தின்றால் பார்ப்பாள் என்றேன், வேன் முழுக்கச் சிரித்தது. வாசலில் காவலுக்கு நிற்கிற அமாரோ நம் பழைய பக்கத்து வீட்டு அமாரோதான், மீசை மட்டும் நரைத்திருக்கிறது, என்னைப் பார்த்ததும் சீட்டுக் கேட்காமல் உள்ளே விட்டார். முன்பக்கத்துக் கண்ணாடித் தொட்டிகளையெல்லாம் தாண்டிப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே ஒரு வட்டத் தொட்டி, அதில் அது கிடந்தது. ஆற்றுமுகத்தில் தாயைப் பிரிந்து கரை ஒதுங்கிய கடற்பசுக் கன்று. மரவள்ளி மூட்டைக்கு மீசை முளைத்த மாதிரி ஒரு முகம், கண் இரண்டும் சட்டைப் பொத்தான், கழுத்துப் பக்கம் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. உன் மகள் மார்பளவு தண்ணீரில் பால்புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். கடற்பசுவுக்கு மடி அங்கேதான் இருக்கிறதாம், கன்று அங்கேதான் தேடுமாம். இதுவோ தேடி வந்து, மோந்து பார்த்து, வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் மறுபடி நீட்டினாள், அது மறுபடி திருப்பியது. அந்தத் திருப்பலை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

"இதுக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டேன்.

"பேரு கிடையாது பாட்டி. பால் குடிச்சுத் தேறினாத்தான் வைப்போம்."

"பேருக்கும் பாலுக்கும் என்னடி சம்பந்தம்?"

"பேரு வச்சப்புறம் செத்துப்போனா தாங்க முடியல பாட்டி. போன தடவ நான் தாங்கல." சொல்லிவிட்டு அவள் புட்டியைக் குலுக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது, அந்தத் திருப்பலும் உன்னுடையதுதான். மூன்று பேருக்கும் ஒரே கழுத்து.

ஜுராந்திர், நீ சொல், பெயரும் இல்லாமல் ஞானஸ்நானமும் இல்லாமல் ஒரு குழந்தையைப் போகவிடுகிற வழக்கம் நம் குடும்பத்தில் உண்டா? நீ பிறந்து வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தபோது ஆற்றில் வெள்ளம், பாதிரியார் வர முடியவில்லை, என் மாமியார் சமையலறையிலேயே உன் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொன்னாள், அன்று சாயங்காலமே நீ என்னைக் கடித்துக் குடித்தாய். ஆகவே ஜமீலி புதுப் பால் கலக்க உள்ளே போன நேரத்தில் நான் கைப்பையைத் திறந்தேன். அதில் திருவிழாவில் பிடித்துவந்த தீர்த்தக் குப்பி எப்போதும் இருக்கும். ஞானஸ்நானத்தில் நாக்கில் வைக்கிற உப்புக்கு அலைய வேண்டியதில்லை, தொட்டி முழுக்கக் கடல் தண்ணீர். மெழுகுவர்த்திக்கு அமாரோவின் டார்ச்சு. ஞானத்தாய் நான். ஞானத்தகப்பன் ஊரில் இல்லாததால் அவன் சார்பில் நிற்கும்படி அமாரோவைக் கேட்டேன்.

"கிதேரியாம்மா, என் வேலை போயிடும்."

"போகாது. பிடிச்சுட்டுத்தான நிக்கப்போற, டார்ச்சை."

"கடல்மாட்டுக்கு ஞானத்தகப்பனா நின்னேன்னு தெரிஞ்சா என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா."

"உனக்கென்ன வந்தது, நீ வெறும் பதிலுக்கு நிக்கிற ஆள். நிஜ ஞானத்தகப்பன் என் மகன்."

கன்று தானாகவே ஓரத்துக்கு வந்தது. என் கையை மீசையால் தடவியது, ஈரத் துடைப்பம் மாதிரி இருந்தது, பிறகு எலிக்குஞ்சு போல ஒரு சின்னச் சத்தம் போட்டது. அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு சின்னச் சத்தம். குப்பியைத் தலையில் கவிழ்த்து, ஜுராந்திர் என்று பெயர் சொன்னேன். அமாரோ ஆமென் என்றதும் கதவு திறந்ததும் ஒன்றாக நடந்தன.

"பாட்டி, தொட்டியில என்னத்தை ஊத்துனீங்க?"

தீர்த்தம் என்றேன். எந்தக் கோயில் தீர்த்தம் என்றாலும் அதில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதுதான் தன் கேள்வி என்றாள். தொட்டித் தண்ணீரைச் சீசாவில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், அமாரோவை வாசலுக்கு அனுப்பினார்கள், என்னை ஒரு ஆமை ஓட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் அவித்துக் கொண்டுபோன சோளக் கூஸ்கூஸைக்கூட யாரும் தொடவில்லை. தவறு என்னுடையதுதான், அவள் திட்டியது முழுக்கச் சரி, அதை நானே சொல்கிறேன். ஆனால் திட்டி முடித்ததும், "என்ன பேரு வச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். உன் மகள் புதுப் பால் புட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

நான் பெஞ்சிலிருந்தே கதவிடுக்கில் பார்த்தேன். புட்டியை அக்குளில் வைத்துக்கொண்டு, கன்றின் தாடையை ஒரு விரலால் தட்டி, மெதுவாகச் சொன்னாள்: "வாயைத் திற, ஜுராந்திர். பிடிவாதம் போதும். நான்தான, திற."

திறந்தது. புட்டி காலியாகும்வரை விடவில்லை.

ரப்பர்க் காம்பை மாற்றியதும், பாலில் கொழுப்பைக் குறைத்ததும்தான் காரணம் என்று ஜமீலி சொல்கிறாள். அவள் படித்தவள், அவள் சொல்வதுதான் உண்மையாக இருக்கும், அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் அதில் வாதாட வரவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கன்றுக்குப் பால் கொடுக்கிறவள் உன் மகள், ஆகவே அவள்தான் அதற்குத் தாய். நீ ஞானத்தகப்பன். பெற்றவளும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்று ஞான உறவாகிவிடுகிறார்கள், அப்படி ஆனவர்கள் பேசாமல் இருந்தால் எத்தனை பெரிய பாவம் என்று உனக்குத் தெரியும். உன் மாமா அவருடைய கொம்பாத்ரேயோடு ஒரு வேலித் தகராறில் பேசாமலிருந்து செத்ததை ஊரே இன்னும் பேசுகிறது. அப்பனும் மகளுமாக நீங்கள் எத்தனை காலம் வேண்டுமானாலும் முகம் திருப்பிக்கொள்ளலாம், கொம்பாத்ரேயும் கொமாத்ரேயுமாக முடியாது.

பல்லைப் பற்றியும் விசாரித்துவிட்டேன். கடற்பசுவுக்கு முன்னால் இருக்கிற பல் தேயத் தேயப் பின்னாலிருந்து புதுப் பல் வரிசையாக நகர்ந்து வந்துகொண்டே இருக்குமாம், ஆயுசு முழுக்க. இதைவிடப் பல் நிறைந்த உத்தியோகம் சாவோ பாவுலோவில் யாருக்காவது இருந்தால் எனக்கு எழுது.

ஆகவே லீவு சொல்லிவிட்டு வந்து உன் ஞானப்பிள்ளையைப் பார். கிளம்பும்போது உன் மனைவிக்கு முத்தம், என் பேரனுக்கு என் பெயரால் ஒரு குட்டு. நம் ஊர் அன்னை மரியாள் உன் பேருந்தின் நான்கு பக்கமும் நடந்து வரட்டும்.

உன்னைப் பெற்ற,
கிதேரியா.

பின்குறிப்பு: இதை ஜமீலியிடம் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாட்டி, அது பொண்ணு. வந்த அன்னைக்கே தெரியும். நீங்க கேக்கவே இல்லையே." அப்படியானால் ஏன்டி ஜுராந்திர் என்று கூப்பிட்டாய் என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "கூப்பிடணும்போல இருந்துச்சு" என்றாள். ஆக, பெண்ணுக்கு வைத்த ஆண் பெயர் செல்லாது, ஞானஸ்நானமும் செல்லாது, நீங்கள் கொம்பாத்ரேயும் இல்லை கொமாத்ரேயும் இல்லை, பேசாமல் இருப்பது பாவமும் இல்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், உன் சார்பில் நிற்க அமாரோ இனி மாட்டாராம், அதனால் நீயே வர வேண்டும். பெண் பெயர் ஒன்று யோசித்துக்கொண்டு வா. சீக்கிரம் வா, அதுவரை உன் பெயரைச் சொன்னால்தான் அது வாயைத் திறக்கிறது.