மாமனாரின் டாக்ஸிக்கு மூன்று பளபளப்பு

மழையைத் தன் சொந்தப் பகையாளியாக நினைத்து வாழ்ந்த மனிதர் மலேசியாவில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் தூசி அண்ணன்.

எண்பதுகளின் நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் மூன்று பிரம்மச்சாரிகள் குடியிருந்தோம். நான் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகக் குமாஸ்தா. வேலு, மீன் பொரிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவன். மூன்றாமவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டடப் படம் வரைபவர். வேலை முடிந்து வந்ததும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வர்ணம் அடித்து, உள்ளங்கையில் அடங்கும் கார் ஒன்றைச் செய்துகொண்டிருப்பார். வர்ணம் காய்ந்ததும் அதன்மேல் நிறமில்லாத ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அதற்குப் பெயர் கிளியர். அந்தக் கிளியர் காயும் வரை வீட்டில் யாரும் நடக்கக் கூடாது, காற்றாடி போடக் கூடாது, போர்வை உதறக் கூடாது. மீறினால் "தூசி! தூசி!" என்று அலறுவார். பெயர் அப்படி வந்தது.

சட்டையிலிருந்து பஞ்சு பறக்கும் என்பதால் வெற்றுடம்போடு, தலையில் பெண்கள் குளிக்கும்போது மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியோடுதான் ஸ்ப்ரே டின்னைத் தொடுவார். தூசி அடங்கத் தரையை நனைப்பார். நனைத்ததும் காற்றில் ஈரம் ஏறிவிட்டதே, கிளியர் கெட்டுவிடுமே என்று பதறித் துடைப்பார். துடைத்ததும் தூசி கிளம்பிவிட்டதாகத் தோன்றும், மறுபடி நனைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இப்படியே போய், மதியம் மழை வந்துவிட்டது. கார் அப்படியே இருந்தது. தரையில் மட்டும் முகம் பார்த்துச் சவரம் செய்திருக்கலாம்.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் மிஞ்சாது. எல்லாம் சோதனைக்குப் போய்விடும். ஒன்றில் கண்ணாடியாக மின்னும் கிளாஸ், ஒன்றில் பாதி மினுக்கும் செமி, ஒன்றில் மினுக்கமே இல்லாத மேட். ஸ்பூனை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, "கம்பி எத்தன தெரியுது, எண்ணுங்க," என்று எங்களை வரிசையில் நிறுத்துவார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அத்தனை பொறுப்பாகப் பார்த்ததில்லை.

பெண் என்றதும் என் கதைக்கு வருகிறேன். என் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த மாலதியை நான் விரும்பினேன். அவளும்தான். ஆனால் கிள்ளானில் இருந்த அவள் அப்பாவுக்கு விஷயம் தெரியாது. கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக டாக்ஸி ஓட்டியவர். கண் பார்வை குறைந்ததால் டாக்ஸியை விற்றுவிட்டு வீட்டில் இருந்தார். மாலதிக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வாசலோடு அனுப்பியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். தீபாவளிக்குப் பிறகு பக்குவமாகச் சொல்லலாம், போகும்போது அந்த டாக்ஸியையே சின்னதாகச் செய்து கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நானும் மாலதியும் திட்டமிட்டோம். மாலதி டாக்ஸியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தாள்.

தூசி அண்ணன் இரண்டே வாரத்தில் டாக்ஸியைச் செய்துவிட்டார். நம்பர் பிளேட்டு எழுத்துகூட அச்சு அசல். கிளியரில் வந்து நின்றுவிட்டது.

"பளபளன்னு அடிச்சு வுடுங்கண்ணே," என்றேன்.

"எவ்ளோ பளபள?"

"பளபளன்னா பளபளதான் லா!"

"அவரு அந்த டாக்ஸி காடிய என்னா போட்டு தொடச்சாரு? மெழுகா, வெறும் தண்ணியா? கூரை வெயில்ல கெடந்துச்சா? இது தெரியாம எந்த டின்ன எடுக்கிறது?"

"அத அவருகிட்டயா போய்க் கேக்க முடியும்?"

முதன்முறையாக நான் ஏதோ புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்தார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை ஆளைக் காணோம். சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"எங்கண்ணே போனீங்க?"

"கிள்ளானுக்கு. ஒங்க மாமனாரதான் பாத்துட்டு வரேன். அட்ரஸ் போட்டோ பின்னால இருந்துச்சு. பழம் அவரு குடுத்தது."

நான் நாற்காலியைத் தேடினேன். அதில் வேலு இருந்தான். அவன் மேலேயே உட்கார்ந்தேன்.

"என்னான்னு சொன்னீங்க?"

"உண்மையதான் சொன்னேன். ஒங்க டாக்ஸிய சின்னதா செய்யிறேன் அங்கிள், எந்தக் கிளியர் அடிக்கிறதுன்னு தெரியலன்னேன்."

"யாரு செய்யச் சொன்னான்னு கேட்டாரா?"

"கேட்டாரு. ஒங்க மகள கட்டிக்கணும்னு ஆசப்படற பையன், என்கூடதான் இருக்கான்னு சொன்னேன்."

"ஐயோ! அதுக்கு என்னா சொன்னாரு?"

அவர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். "கூரை மேட். கதவு செமி. பானெட் மட்டும் கிளாஸ். ஏன்னா தெனமும் காலையில அத மட்டும் மெழுகு போட்டுத் தொடப்பாராம்."

"என்னையப் பத்திண்ணே!"

"அத நான் எழுதிக்கல."

வேலு என்னைப் பிடித்துக்கொண்டான். இல்லாவிட்டால் அன்று ஒரு கொலை நடந்திருக்கும்.

"சிரிச்சாரா, மொறச்சாரா, அதாச்சும் சொல்லுங்க!"

"மூஞ்சிய பாக்கல. பேசும்போது அவரு கை பானெட்ட தொடைக்கிற மாதிரியே போய்ட்டு வந்துச்சு. அதத்தான் பாத்தேன். ஆங், அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம ஒங்களையும் காடியையும் கொண்டாரச் சொன்னாரு."

திங்கட்கிழமை மாலதி அலுவலகத்தில் வெளிறிப் போய் வந்தாள். "அப்பா ஒரு வார்த்த பேசல. பழைய போட்டோவெல்லாம் எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காரு," என்றாள். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை பகலில்தான் வானம் வெளுத்தது. வேலுவின் அடுப்பு அணைக்கப்பட்டது. எனக்குக் குளிக்கத் தடை. கதவுகளைக் காகிதத்தால் மூடிக் கூரைக்கு மேட் அடித்தார். கூரையை மூடிக் கதவுகளுக்குச் செமி அடித்தார். கடைசியாகப் பானெட்டுக்குக் கிளாஸ் அடித்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புப் பானெட் மாவு பூசியது போல வெளுத்துவிட்டது.

நான் கத்தினேன். வேலு கத்தினான். எதற்கெடுத்தாலும் கத்துகிற மனிதர் மட்டும் கத்தவில்லை.

"ஈரத்த உள்ள வாங்கிருச்சு. வெயில் வந்தா சரி பண்ணலாம். யாரும் தொடாதீங்க," என்று பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மூடினார்.

ஞாயிறு காலை வெயில் வந்தது. நான் கும்பிட்ட கும்பிடுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்ப்ரே டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தெடுத்தார். பூச்சைக் காருக்கு இந்தப் பக்கம் வெளியே அடிக்க ஆரம்பித்து, பானெட்டின் மேலாகக் கொண்டுபோய், அந்தப் பக்கம் வெளியே நிறுத்தினார். ஒரே ஒரு மெல்லிய வீச்சு. ஓரத்திலிருந்து வெள்ளை மெதுவாகக் கரைந்தது. கறுப்பு திரும்பி வந்தது. அதில் ஜன்னல் கம்பிகள் ஆறும் தெரிந்தன. நான் வெற்றுடம்புத் தூசி அண்ணனைக் கட்டிப்பிடிக்கப் போனேன். "தூசி!" என்று அலறி விலகினார்.

சாயங்காலம் கிள்ளானில் மாலதியின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டாக்ஸியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கூரையைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். பானெட்டை நோக்கி அவர் விரல் நீண்டது.

"அங்கிள், தொடாதீங்க! நல்லா காயல!" என்று ஓர் அலறல் வீட்டையே உலுக்கியது.

எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தப் பெரிய மனிதர் வாத்தியாரிடம் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது அங்கிள்," என்றேன்.

"நல்லதாப் போச்சு. முன்ன வந்த ரெண்டு பேரும் லோரி டிரைவருங்க. வீட்டுல காத்துக்கெடக்கறது எப்டி இருக்கும்னு எம் பொண்டாட்டிய கேட்டா தெரியும்." பிறகு டாக்ஸியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வித்ததுக்கு அப்பறம் இந்தக் காடி எப்டி இருந்துச்சுன்னு ஒருத்தனும் என்னைய கேட்டதில்ல."

கேட்டது நான் இல்லை. கேட்டவர் மூலையில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மாலதி, ரெண்டு பேருக்கும் சோறு போடும்மா," என்றார் அவள் அப்பா. மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது அச்சகக்காரர் பேனாவை நிறுத்திவிட்டார். "பாஸ், கல்யாணப் பத்திரிகையில போய் தூசின்னு ஒரு பேரா? இவரு ஒங்களுக்கு என்னா வேணும்?"

எனக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மணமகனின் தமையன்னு போடுங்க," என்றேன்.