டிராக்டர் கொடுத்த மூச்சு

மல்லாங்கிணறு சம்பந்தி சங்கையா அவர்களுக்கு, நரிக்குடிப் பக்கமிருந்து சோலைச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்களும் ஆடுகளும் சுகம். அங்கும் எல்லாரும் சுகமாயிருக்க ஐயனார் துணை.

போன மாதம் போனில், "உங்க மக மிக்ஸியக் கழத்துறா, ஃபேனக் கழத்துறா, இது பொம்பளப்பிள்ள செய்யிற வேலையா?" என்று உங்களிடம் குறைபட்டுக்கொண்டேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் கடிதம்.

வியாழக்கிழமைக் காற்றில் வேப்பமரமும் கரண்டுக் கம்பமும் சேர்ந்து ரோட்டில் சாய்ந்தன. மறுநாள் காலையில் உங்கள் சம்பந்தியம்மா அழகுத்தாய்க்கு இளைப்பு வந்துவிட்டது. மருந்தைப் புகைபோல் மூக்கில் விடும் மிஷின் வீட்டில் இருக்கிறது, அதற்குக் கரண்டு வேண்டும், கரண்டோ ரோட்டில் கிடக்கிறது, இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்துபோயிற்று, ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, இவளுக்கு உதடு நீலம் பாரிக்கிறது, நான் செய்த ஒரே உதவி விசிறியது, அந்த விசிறியையும் அவள் மூக்கிலேயே தவறவிட்டது.

உங்கள் மகள் யுவராணிதான் கேட்டாள். "மாமா, டிராக்டர் எங்க நிக்குது?"

"கம்மாக்கரைச் சரிவுல. சாவி போட்டா இழுக்காது ஆத்தா, பேட்டரி வீக்கு."

"இறக்கத்துல உருட்டுனா இழுக்கும். வந்து தள்ளுங்க!"

நானும் பக்கத்து வீட்டு மாரிச்செல்வமும் சக்கரத்துக் கல்லை எடுத்துவிட்டுத் தள்ளினோம். குடித்த கம்மங்கஞ்சி மொத்தமும் வேர்வையாகப் போயிற்று. வண்டி உருண்டது, மேலே ஏறி உட்கார்ந்திருந்த உங்கள் மகள் கிளட்சை விட்டாள், எஞ்சின் உறுமியது, நான் குப்புற விழுந்தேன். வீட்டுக்குப் பின்னால், புகை உள்ளே வராத பக்கமாக நிறுத்தி, இன்வெர்ட்டர் வயரை டிராக்டர் பேட்டரியில் மாட்டி மிஷினைப் போட்டாள். டீசல் நெருப்பாகி, நெருப்பு சுழற்சியாகி, சுழற்சி கரண்டாகி, கரண்டு காற்றாகி, அழகுத்தாய்க்கு மூச்சு வந்தது, சம்பந்தி! கால் மணி நேரத்தில் வாய் திறந்தாள்: "என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? ஆட்ட அவுத்து விடுங்க." அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மத்தியானம் ரோடு திறந்ததும் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். "நேரத்துக்கு மருந்து போயிருக்கு" என்றார் டாக்டர்.

இல்லாத கரண்டை உண்டாக்கிய பிள்ளையைப் பெற்ற உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் என் கும்பிடு.

இப்படிக்கு,
முழங்கைச் சிராய்ப்புடன்
சோலைச்சாமி

பி.கு.: யுவராணி இதை வாசித்துவிட்டு, "கரண்ட யாரும் உண்டாக்க முடியாது மாமா. இருந்தது ஒண்ணு இன்னொண்ணா மாறுச்சு, அம்புட்டுதான். நான் எதையும் உண்டாக்கல" என்கிறாள். அப்படிப் பார்த்தால் 'கரண்டை உண்டாக்கிய பிள்ளை' என்று மேலே எழுதியது தப்பு. அந்த வரியை அடிக்கப் போனேன். அழகுத்தாய் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "எது எதா மாறுனா என்ன, பொழச்சது நான்ல? அப்படியே அனுப்புங்க."