மங்கை எழுந்து போகிறாள்

தங்கவேலு ஜோக்கின் பாதியில் இருந்தபோது அவர் மனைவி அலர்மேல்மங்கை எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டாள். கதவைத் தாழிடும் சத்தமும் கேட்டது.

"இன்னும் முடியல மங்கை!" என்றார் தங்கவேலு, மூடிய கதவைப் பார்த்து.

உள்ளே குழாய்த் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர் தங்கவேலு. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி ஜோக் சொல்லி, பக்கத்துத் தறிக்காரர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். ஊர் சிரித்து என்ன பிரயோசனம்? கல்யாணமான புதிதில் மங்கை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிடுவாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும். சில வருஷங்களாக அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

ஜோக்குகள் பழசாகிவிட்டன என்று முடிவு செய்து, செல்போனில் புதிதாகப் பார்த்து மனப்பாடம் செய்தார். மங்கை முன்னைவிடச் சீக்கிரமாக எழுந்து போனாள்.

சரி, வெறும் வாய் போதாது, நடித்தே காட்டிவிடுவோம் என்று இறங்கினார். கரண்ட் பில் கொடுக்க வந்தவர் தெருநாயைக் கண்டு சுவரேறிய கதையை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். நாய் குரைக்கிற கட்டத்தில் மங்கை கத்தினாள்.

"சும்மா இருய்யா! உனக்குப் புண்ணியமா போவும்!"

அன்றிலிருந்து பாயையும் சமையலறைப் பக்கம் கொண்டுபோய்விட்டாள்.

ஒருவேளை ஜோக் சொல்கிற ஆளையே பிடிக்கவில்லையோ? அப்படியானால் கௌரவமான மனிதராக மாறிவிட வேண்டியதுதான். மறுநாள் காலை குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு இட்லிக்கு உட்கார்ந்தார்.

"சட்னி கொஞ்சம் வைம்மா" என்றார், கலெக்டர் குரலில்.

மங்கை அவர் முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்தாள். சட்னிக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

ஆக, முகமே பிடிக்கவில்லை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகள் ஹர்ஷினிக்குப் போன் போட்டார்.

"உங்கம்மாவுக்கு என்னைப் பாத்தாலே ஆவ மாட்டேங்குதும்மா. நான் வந்து உக்காந்தா அவ எழுந்து போய்க்கினே கீறா."

"நீ இன்னா பண்ண நைனா?"

"ஜோக்குதான் சொன்னேன்."

ஹர்ஷினி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். மறுநாளே திருப்பதியில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்ததும் ஹர்ஷினிதான் விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மாவுக்கு மூத்திரப்பை கீழ எறங்கிக்கினு கீது நைனா. வெக்கப்பட்டுக்கினு யார்கிட்டயும் சொல்லாம இருந்துகீறாங்க. புள்ள பெத்தது, வெயிட்டு தூக்கினது எல்லாந்தான் காரணமாம். உள்ள ஒரு வளையம் வெச்சிக்கினா போதும்னாங்க டாக்டரு. அம்மா கேக்கல. ஆபரேஷன்தான் வோணும்னு ஒரே புடி."

"ஆபரேஷன்னா வயித்த அறுப்பாங்களா?"

"இல்ல நைனா. கீழ் வழியாவே பைய மேல தூக்கி தையல் போட்ருவாங்க. முடிஞ்சதும் அம்மா என்கூட ஸ்ரீசிட்டியில இருக்கட்டும்."

தங்கவேலு இடிந்துபோனார். இத்தனை வருஷமாகத் தறிக்கு நூல் மூட்டையை அவளைத் தூக்கி வரச் சொன்னது யார்? அவரேதான். வளையம் போதும் என்று டாக்டரே சொல்லியும் ஆபரேஷன்தான் வேண்டும் என்கிறாள் என்றால், உடம்பை முழுசாகத் தேற்றிக்கொண்டு ஒரேயடியாக மகளிடம் போய்விடத்தான். அவள் இல்லாத வீட்டில் யார் கையால் சாப்பிடுவது, யாரோடு பேசுவது?

இனி வாயைத் திறந்தால்தானே வம்பு என்று, ஆஸ்பத்திரியில் மௌன விரதம் பூண்டார். ஆபரேஷன் முடிந்து, சிறுநீர்க் குழாயோடு படுத்திருந்தாள் மங்கை. தங்கவேலு பக்கத்து ஸ்டூலில் கைகட்டி, வாயை இறுக்கி மூடி, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மங்கை அவரைப் பார்த்தாள். சட்டென்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

அழுகிறாள்! தங்கவேலு வராந்தாவுக்குப் போய்த் தானும் அழுதார். போகிறவள் போகட்டும், போவதற்கு முன் தன்னைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட்டுப் போகக் கூடாதா என்று ஏங்கினார்.

டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் நளினி மருந்துகளைக் கையில் கொடுத்து, தெலுங்கும் தமிழுமாக விளக்கினாள்.

"ஆறு வாரம் குடம்கூட தூக்கக்கூடாது. இருமல் வந்தா வெண்டனே, உடனே இங்க வந்துடணும். அப்புறம் சார், தையல் ஆறுற வரைக்கும் மீரு, நீங்கதான், வாயைத் திறந்து அவங்களைச் சிரிக்க வைக்கக்கூடாது."

தங்கவேலு கசப்பாகத் தலையை ஆட்டினார்.

"அதுக்கு பயமே வோணாம் சிஸ்டர். என் ஜோக்குக்கு அவ சிரிச்சி வருசக்கணக்காவுது. நான் வாயத் தொறந்தாலே எழுந்து போய்டுவா."

நளினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்யோ தேவுடா! உங்ககிட்ட சொல்லவே இல்லையா? 'சிரிச்சா பொடவை நனைஞ்சி போவுதும்மா, பாதியிலயே எழுந்து ஓடிடறேன், எங்க வூட்டுக்காரரு சொன்ன ஒரு ஜோக்குக்கும் முடிவு இன்னான்னே எனக்குத் தெரியாது, எப்படியாச்சும் தெச்சி வுடு'ன்னு டாக்டரம்மா கையைப் புடிச்சிட்டு அழுதுதானே சார் இவங்க ஆபரேஷனே கேட்டாங்க!"