பழைய கெர்னல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

அன்புள்ள மாப்பிள்ளை விமல்ராஜுக்கு,

பெரக்கரையிலிருந்து அத்தை ராக்கம்மாள் எழுதுகிறேன். ஓசூரில் நீங்களும் சுசித்ராவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் மூன்று ஆடும் சுகம். கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் நான் வாயைத் திறப்பதற்குள் "ரொம்ப ஈஸி அத்தை" என்று முடித்துவிடுகிறீர்கள், அதனால்தான் காகிதம். இதில் குறுக்கே பேச முடியாது.

உங்கள் மாமா போய் எட்டு மாதம் ஆகிறது. ஊர்ச் சனத்துக்கு மனு எழுதிக் கொடுக்க அவர் வைத்திருந்த அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை நான் ஏன் தினமும் திறக்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை. அவர் காலையில் திறப்பார், நானும் திறக்கிறேன், அவ்வளவுதான். திறந்தால் போதும், புதுக் கெர்னல் வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்கிறது. கெர்னல் என்றால் பெட்டிக்குள் ஓடுகிற அந்த லினக்ஸுக்கு உயிர் மாதிரி, அது இல்லாமல் பெட்டி எழுந்திருக்காது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். துக்க வருஷம் முடியாத வீட்டில் புது உலக்கைகூட வாங்க மாட்டோம், புது உயிரைக் கொண்டுவந்து வைக்கலாமா என்று பங்காளி அப்பாசாமியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்று முடித்து, "ஏம்மா, ஒடஞ்ச ஓடு மாத்தற மாதிரியா, கூரையையே பிரிக்கற மாதிரியா? ஓடுன்னா தப்பில்ல" என்றார். உங்களைக் கேட்டேன். "ரெண்டும்தான் அத்தை" என்றீர்கள். போய்ச் சொன்னேன். "பழசு என்னாகும்?" என்றார். "அதுவும் உள்ளயே இருக்குமாமுங்க" என்றேன். பக்கத்தில் மிளகு உருவிக்கொண்டிருந்த நாத்தனார் பாவாயி, "அப்ப ரெண்டாந்தாரம் கட்டற மாதிரிங்களா அண்ணி? மூத்தவ சும்மா இருப்பாளா?" என்றாள். இத்தனைக்கும் அவளுக்கு அந்தப் பெட்டியின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை நீங்கள் "பாதுகாப்புக்கு அத்தை, போட்டே ஆகணும்" என்று பிடிவாதம் பிடித்தீர்கள், நானும் பாஸ்வேர்டு அடித்தேன். எனக்கு அந்த எழுத்துகள் தெரியாது, மாமா விரல் போகும் இடம்தான் தெரியும். பாதி ஏறும்போது காற்றடித்துக் கரண்டு போனது. திரும்ப வந்து பார்த்தால் கறுப்புத் திரையில் சாமை சிந்தின மாதிரி வெள்ளை எழுத்து. வீட்டில் நெட்டு கம்பியில் வருகிறது, போனுக்கு டவர் கிடையாது. பலாமர மேட்டில் டவர் உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது. நீங்கள் ஒன்று சொல்ல, நான் கீழே ஓடி அதை அழுத்த, அது வேறொன்று கேட்க, மறுபடி மேடு. ஐந்து தடவை ஏறினேன். ஐந்தாவது தடவை, "லிஸ்ட்ல கீழ பழசு இருக்கும், அதை அழுத்துங்க அத்தை, ஈஸி" என்றீர்கள். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம். அழுத்தினதும் பெட்டி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

காப்பாற்றியது பழசு. இப்போது இடம் போதவில்லை, அந்தப் பழசை அழித்துவிட்டுப் புதுசை மறுபடி போடுங்கள் என்கிறீர்கள். மாட்டேன். அவர் சட்டையைக் கொடுத்துவிட்டேன், கட்டிலைக் கொடுத்துவிட்டேன், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு அப்பாசாமி என் எதிரிலேயே நடக்கிறார். அவர் கையால் போட்டது என்று இந்த வீட்டில் மிச்சம் அந்த ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கேட்டு வாங்கிப் போகவில்லை. வருஷத் திதிவரை அதில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் புதுசு வெளியில் நிற்கட்டும்.

கோபமாக எழுதிவிட்டேன், மனதில் வைக்க வேண்டாம். எட்டுக்கை அம்மன் எட்டுக் கையாலும் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தை ராக்கம்மாள்

பின்குறிப்பு: சேந்தமங்கலம் பஸ் வராமல் இந்தக் கடிதம் இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தது. நேற்று சுசித்ராவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "அம்மா, அது அப்பா போட்டது இல்லம்மா. அவரு தவறின மாசமே, நான் அங்க வந்திருந்தப்ப மாத்திட்டேன். அப்பா போட்டத அன்னிக்கே எடுத்தாச்சு" என்றாள். எட்டு மாதமாக நான் காவல் காத்தது அவள் போட்டதுக்கு. இன்று காலை பழசை அழித்துப் புதுசைப் போட்டுவிட்டேன். கரண்டு போகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள் அவர் போட்டது வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று சுசித்ராவிடம் கேட்கவில்லை. திதிக்கு வரும்போது நீங்களும் சொல்ல வேண்டாம்.