ஐந்து அளவில் ஒரு பச்சைச் சட்டை

'பிடிக்காவிட்டால் இலவசமாகத் திருப்பித் தரலாம்' என்ற ஒரு வரி போதும், என்னைப் போன்ற கோழையும் புலியாகிவிடுவான். கண்டி டவுன் கடையில் ஒரு சட்டையை நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, கடைக்காரர் முறைத்ததும் வாங்காமல் நழுவுகிறவன் நான். அதே நான், போனில் ஒரே இளம்பச்சைச் சட்டையை ஐந்து அளவில் ஓடர் செய்தேன்.

கடுகண்ணாவையில் மச்சினிக்குக் கல்யாணம். என் அளவு எனக்குத் தெரியாது (தெரியும், வயிற்றிடம் கேட்கத்தான் பயம்). பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்ற நாலையும் அனுப்பிவிடுவதாகத் திட்டம். பணம் மட்டும் என் மனைவி மாலதி கல்யாணச் செலவுக்கு வைத்திருந்தது. அவளுக்குத் தெரியாமல் அது திரும்பி வந்தாக வேண்டும். (வங்கி அனுப்பிய மெசேஜை நான்தான் அழித்தேன்.)

காலையில் பார்சல் கொண்டுவந்த திகன ஊர்க்காரர் ரியாஸ், "வேணாத்த கட்டி வைங்க சேர், பின்னேரம் வந்து எடுக்குறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாலதி பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பிரித்தேன். பளபளவென்று ஐந்து சட்டை. எங்கள் வீட்டில் மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்துவதில்லை. குதூகலத்தில் கை தானாக மஞ்சளைக் குழைத்து, ஐந்து கொலருக்கும் உள்பக்கம் பொட்டு வைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். ஆகப் பெரியது கச்சிதம். அதற்கும் பிறகுதான் பெட்டிக்குள் கிடந்த துண்டை வாசித்தேன்: 'கறையோ பாவித்த அடையாளமோ இருந்தால் திருப்பி எடுக்க மாட்டோம்.'

திருப்ப வேண்டிய நாலையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அன்றைய என்னைத் தவிர. நாலு கொலரும் கழுத்தறுபட்டதுபோல் சிவந்தன. மின்விசிறிக்குக் கீழே சட்டைகளைப் பிடித்துக்கொண்டு நான் சுற்றிக்கொண்டிருந்தபோது ரியாஸ் வந்து நின்றார்.

"என்ன சேர், ஆரையும் வெட்டினீங்களா?"

"மஞ்சள் தம்பி. சாமி சமாச்சாரம். கொஞ்சம் பார்த்து எடுங்களேன்."

"எனக்கு வெளங்குது சேர். கம்பனிக்கு வெளங்காதே. எடுக்க ஏலா."

"எதை எடுக்க ஏலா?" என்று அவருக்குப் பின்னால் ஒரு குரல். மாலதி.

ரியாஸ் மோட்டார்சைக்கிளைக் கிளப்பிய வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவள் சட்டைகளை எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "திருப்பிக் குடுக்கலாம்னு சொன்னா பெரஹரா ஊர்வலத்துல போற யானையையும் வாங்கிருவீங்களா?"

"ஒரு யானைதான் வாங்குவேன்," என்றேன். (பயத்தில் எனக்கு ஜோக் வரும்.)

"காசு போயிருச்சு. சட்டையாவது ஒழைக்கட்டும். எங்க ரெண்டு அண்ணனும், ஒங்க சகலையும், ஒங்க தம்பியும் போடுறாங்க. நீங்களும் போடுறீங்க."

கல்யாணத்தில் ஐந்து பேரும் ஒரே பச்சையில் வரிசையாக நின்றோம். முதல் பந்தியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் விரல் சொடுக்கினார்: "தம்பி, இந்தப் பக்கம் சாம்பார் வரலயே."

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் சகலை வாளியைத் தூக்கிவிட்டார். அவர் தூக்கினால் மற்றவர்கள் சும்மா நிற்க முடியுமா? நான் அப்பளம் போட்டேன்.

நன்றாகப் பரிமாறினோமாம். அதுதான் வினையாகிவிட்டது. இன்றும் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், இலை போடுவதற்கு முன் யாராவது கேட்கிறார்கள்: "பச்சைச் சட்டைக்காரங்க வந்துட்டாங்களா?" அதன் பிறகு நான் முதல் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை.